1979-ல் வாங்கினார், 1998-ல் மாட்டினார்: ஒரு ஹெட்ஜ் ஃபண்ட் நிறுவனர் பற்றிய நிகழ்வு ஆய்வு

லாங் டேர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் (பெரிய முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டி, கடனும் வாங்கிச் சந்தையில் வியாபாரம் செய்யும் அமைப்பு) 1998 செப்டம்பரில் கவிழ்ந்ததை, நோபல் பரிசு வாங்கிய இரண்டு பேராசிரியர்களின் சூத்திரம் தோற்ற கதையாகத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. அந்த நிறுவனரின் அதற்கு முந்தைய இருபது வருடத்தையும் சேர்த்து வாசித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது: எந்த வகை வியாபாரம் அவரைப் பெரிய ஆளாக்கியதோ அதே வியாபாரம்தான் அவரைக் கவிழ்த்தது, இந்த முறை அவர் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஆட்களின் பெயர் இங்கே வேண்டாம். யார் எந்த இடத்தில் இருந்து என்ன முடிவெடுத்தார் என்பது போதும்.

## பின்னணி

1947-ல் பிறந்தவர், வளர்ந்தது சிகாகோவின் தெற்குப் பகுதியில். சிறுவயதில் கோல்ஃப் மைதானத்தில் மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமந்தார். பை தூக்கும் பையன்களுக்கென்றே இருந்த உதவித்தொகையில்தான் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பேஸ்பால் பந்தயத்தில் காசு கட்டும் பழக்கமும் அப்போதே உண்டு, ஆனால் மைதானத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விசாரித்த பிறகுதான் கட்டுவாராம். படிப்பு முடிந்து ஒரு வருடம் பள்ளியில் கணக்கு வாத்தியார். அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. 1974-ல் நியூயார்க்கின் சாலமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கியில் வேலை.

அங்கே 1977-ல் ஆர்பிட்ராஜ் குழு ஒன்றைத் தொடங்கினார். வேலை இதுதான்: கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு கடன்பத்திரங்கள் வேறு வேறு விலையில் போகும்போது மலிவானதை வாங்க வேண்டும், விலை கூடியதை இரவல் வாங்கி விற்று ஷார்ட் போக வேண்டும், இரண்டு விலையும் நெருங்கியதும் கணக்கை முடித்துக்கொள்ள வேண்டும். வட்டி ஏறுமா இறங்குமா என்ற கவலை கிடையாது, இடைவெளி சுருங்கினால் போதும். ஆனால் அந்த இடைவெளி மிகச் சின்னது என்பதால் காசு பார்க்க வேண்டுமென்றால் கடன் வாங்கி மிகப் பெரிய அளவில் செய்ய வேண்டும். இதற்காக அவர் கணிதமும் பொருளாதாரமும் படித்த முனைவர்களைப் பல்கலைக்கழகங்களில் இருந்து பிடித்து வந்தார். சத்தம் போட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்த அந்தக் காலத்து டிரேடர்கள் நடுவில் இது விசித்திரமான காரியம்.

## 1979: முதல் பெரிய முடிவு

அந்த வருடம் ஒரு டீலர் சாலமனிடம் ஓடி வந்தார். அமெரிக்கக் கருவூல பில்லுக்கும் (அரசின் குறுகிய காலக் கடன்பத்திரம்) அதன் ஃபியூச்சர்ஸுக்கும் (பின்னொரு தேதியில் வாங்க, விற்க இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) உள்ள விலை வித்தியாசத்தில் வழக்கமாகச் சம்பாதிக்கிறவர். அந்த முறை வித்தியாசம் சுருங்காமல் விரிந்துகொண்டே போனது, மார்ஜின், அதாவது நஷ்டத்துக்கு ஈடான பிணைப் பணம், கட்டச் சொல்லி நெருக்கினார்கள், கையில் இருந்த பணம் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் போட்ட கணக்கில் தப்பு கிடையாது. கணக்கு பலிக்கும் நாள் வரை தாக்குப்பிடிக்க அவரிடம் காசு இல்லை, அவ்வளவுதான்.

நிறுவனர் அந்தப் பொசிஷனை, அதாவது டீலர் வாங்கியும் விற்றும் பிடித்திருந்ததை, அப்படியே சாலமனின் கணக்குக்கு எடுத்துக்கொண்டார். எடுத்த உடனே லாபம் வந்துவிடவில்லை. அடுத்த சில வாரங்களில் நஷ்டம் ஏறியது, கூட்டாளிகள் கொதித்தார்கள், அவர் அசையவில்லை. பிறகு இடைவெளி சுருங்கியது, நல்ல லாபம் வந்தது, அவருடைய பெயர் நிலைத்தது.

இந்த 1979-ஐ மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த டீலரும் நிறுவனரும் பிடித்திருந்தது ஒரே பொசிஷனைத்தான், நம்பிக்கையும் ஒன்றுதான். ஒருவருக்குப் பின்னால் சாலமனின் கஜானா இருந்தது, இன்னொருவருக்கு இல்லை.

## 1991: விலகல்

1980-களில் அந்தக் குழு சாலமனின் லாபத்தில் பெரிய பங்கைக் கொண்டுவந்தது. குழுவின் லாபத்தில் 15 சதவீதத்தை போனஸாகக் கொடுப்பது என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். 1990-ம் ஆண்டுக்குக் குழுவில் ஒருவருக்கு மட்டும் 2.3 கோடி டாலர் கிடைத்தது. மற்ற பிரிவுகளில் வயிறு எரிந்தது என்று சொல்லத் தேவையில்லை. அப்படி எரிந்தவர்களில் ஒருவர் அரசுக் கடன்பத்திரப் பிரிவின் தலைவர். அவரும் நிறுவனருக்குக் கீழேதான் வருகிறார். கருவூல ஏலத்தில் ஒரே நிறுவனம் 35 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று விதி, இவர் வாடிக்கையாளர்களின் பெயரில் அவர்களுக்கே தெரியாமல் பொய்யாக விண்ணப்பம் போட்டு அந்த வரம்பைத் தாண்டினார்.

1991 ஏப்ரலில் அவரே நிறுவனரிடம் வந்து ஒரு தவற்றை ஒப்புக்கொண்டார். நிறுவனர் தாமதிக்காமல் மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார். ஆனால் மேலிடம் மாதக்கணக்கில் அரசிடம் வாய் திறக்கவில்லை, அந்தப் பிரிவுத் தலைவரும் அதே நாற்காலியில் தொடர்ந்தார். ஆகஸ்டில் விஷயம் வெடித்தபோது மேலிடத்தோடு சேர்ந்து நிறுவனரும் விலக வேண்டியதாயிற்று. பிறகு கண்காணிக்கத் தவறியதற்காக 50,000 டாலர் அபராதமும் மூன்று மாதத் தடையும் வந்தன. சாலமனைக் காப்பாற்ற இடைக்காலத் தலைவராக வந்தவர் அதில் ஏற்கனவே பெரிய பணம் போட்டிருந்த ஒமாஹா நகரத்து முதலீட்டாளர். இந்த மனிதர் பின்னால் மறுபடியும் வருவார்.

என் பார்வையில் நிறுவனரின் குணம் இங்கேயே தெரிகிறது: தன் ஆட்களை விட்டுக்கொடுக்க மாட்டார், யாரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்கவும் மாட்டார். குழுவுக்குள் அவர் மேல் இருந்த விசுவாசத்துக்கு இதுதான் காரணம். பின்னால் இதற்கும் ஒரு விலை இருந்தது.

## ஃபண்டின் தொடக்கம்

கனெக்டிகட் மாநிலத்தின் கிரீன்விச்சில் பழைய குழுவைக் கிட்டத்தட்ட முழுசாகக் கூட்டி வந்து, இரண்டு புகழ்பெற்ற பேராசிரியர்களையும் சேர்த்துக்கொண்டு, 1994 பிப்ரவரியில் 100 கோடி டாலருக்கும் மேலான முதலோடு வியாபாரம் ஆரம்பித்தார். அன்றைக்கு அது மிகப் பெரிய தொடக்கம். வருடத்துக்கு 2 சதவீதக் கட்டணம், லாபத்தில் 25 சதவீதம். குறைந்தது 1 கோடி டாலர் போட வேண்டும், மூன்று வருடத்துக்குப் பணத்தைத் தொட முடியாது. இத்தாலியின் மத்திய வங்கி தரப்பிலிருந்தே 10 கோடி டாலர் வந்தது. ஒமாஹாக்காரரையும் நேரில் போய்க் கேட்டார்கள், அவர் நன்றாக உபசரித்து அனுப்பினார், காசோலைப் புத்தகத்தை மட்டும் திறக்கவில்லை.

மூன்று வருடப் பூட்டு ஏன் என்பதைக் கவனிக்க வேண்டும். 1979-ல் அந்த டீலருக்கு நடந்தது தனக்கு நடக்கக் கூடாது, இடைவெளி விரியும் நேரத்தில் முதலீட்டாளர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டு ஓடக் கூடாது என்பதற்குத்தான். ஃபண்டின் பெயரிலேயே அது இருக்கிறது: 'லாங் டேர்ம்', நீண்டகாலம். ஆக, ஆபத்து எது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை, ஒரு வாசலுக்குக் கவனமாகப் பூட்டும் போட்டார்.

ஆரம்ப கால டிரேடு ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். அமெரிக்க அரசு புதிதாக விற்கும் 30 வருடப் பத்திரத்துக்குச் சந்தையில் கிராக்கி அதிகம். ஆறு மாதம் முன்னால் விற்றது, அதாவது இன்னும் 29½ வருடம் பாக்கி இருப்பது, பெட்டிக்குள் போய்த் தூங்கிவிடும், விலை கொஞ்சம் குறைவாக இருக்கும். கொடுப்பது அதே அரசுதான், வாக்குறுதியும் அதேதான். 1993 பிப்ரவரிப் பத்திரத்தின் வருமானம் 7.36 சதவீதம், ஆகஸ்ட் பத்திரத்தினுடையது 7.24. வித்தியாசம் 0.12. பழையதை 100 கோடி டாலருக்கு வாங்கினார்கள், புதியதை 100 கோடிக்கு ஷார்ட் போனார்கள். வாங்கிய பத்திரத்தை அடகு வைத்தே வாங்குவதற்கான பணம், இரவல் வாங்கியதை விற்ற பணமே அதற்கான பிணை, ஆகக் கையிலிருந்து போட்டது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இடைவெளி சுருங்கியபோது கிடைத்த லாபம் சுமார் 1.5 கோடி டாலர்.

இது எப்படி நடந்தது என்றால், வங்கிகள் மற்றவர்களிடம் கேட்கும் கூடுதல் பிணையை இவர்களிடம் கேட்கவில்லை. இந்தப் பெயர்களோடு வியாபாரம் செய்வதே பெருமை என்று நினைத்தார்கள். இவர்களோ ஒவ்வொரு டிரேடின் ஒரு காலை ஒரு வங்கியிலும் மறு காலை இன்னொரு வங்கியிலும் வைத்தார்கள், அதனால் முழு உருவம் எந்த வங்கிக்கும் தெரியாது. ஆனால் ஒரு நிபந்தனையை எல்லோரோடும் வைத்திருந்தார்கள்: தினமும் விலை பார்த்து, யார் நஷ்டத்தில் இருக்கிறாரோ அவர் அன்றைக்கே பணம் கட்ட வேண்டும். பூட்டுப் போடாத வாசல் இதுதான்.

## 1994 முதல் 1997 வரை

கட்டணம் போக முதலீட்டாளர்களுக்குக் கிடைத்தது: 1994-ல் சுமார் 20 சதவீதம், 1995-ல் 43, 1996-ல் 41, 1997-ல் 17. கடைசி எண்ணைப் பாருங்கள். மற்ற வங்கிகளும் இதே டிரேடுகளில் இறங்கிவிட்டதால் இடைவெளிகள் ஒட்டிப்போய்க் கிடந்தன. சாலமனில் அவர் தொடங்கிய பழைய குழுவே போட்டியாளர்.

அதனால் பத்திரத்தைத் தாண்டினார்கள். நிறுவனங்கள் இணையும் என்று பந்தயம், ஒரே நிறுவனத்தின் இரட்டைப் பங்குகளின் விலை வித்தியாசத்தில் பந்தயம், எல்லாவற்றுக்கும் மேலாக நீண்டகால ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை, சந்தை அதிகம் ஆடினால் அதன் விலை கூடும்) விற்பது. பங்குச் சந்தை ஆடும் வேகம் வழக்கமாக 15 சதவீதம், ஆப்ஷன் விலையிலோ 19 இருக்கிறது, ஆக விற்றால் லாபம் என்பது வாதம். ஒவ்வொரு சதவீதப் புள்ளி எதிராகப் போனாலும் 4 கோடி டாலர் நஷ்டமாகும் அளவுக்கு அமெரிக்காவில் விற்றார்கள், அதே அளவுக்கு ஐரோப்பாவிலும். கூட்டாளிகள் சிலருக்கே இது பிடிக்கவில்லை. நிறுவனர் குறுக்கே விழுந்து நிறுத்தியதாக எங்கும் காணோம்.

1997 கடைசியில் எடுத்ததுதான் பெரிய முடிவு. வாய்ப்பு குறைந்துவிட்டது, முதல் அதிகமாக இருக்கிறது என்று சொல்லி 270 கோடி டாலரை முதலீட்டாளர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். கட்டாயமாகத்தான் கொடுத்தார்கள், பலர் வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார்கள். காரணம் எளிது: முதல் குறைந்தால் பாக்கி இருப்பவர்களுக்கு, அதாவது முக்கியமாகக் கூட்டாளிகளுக்கு, சதவீதத்தில் லாபம் கூடும். ஆனால் பொசிஷன்களை அதே அளவுக்குக் குறைக்கவில்லை. 1998 தொடங்கும்போது சொந்த முதல் சுமார் 470 கோடி, கடனோடு சேர்த்துப் பிடித்திருந்த சொத்து சுமார் 12,500 கோடி. டெரிவேட்டிவ், அதாவது வேறொன்றின் விலையை ஒட்டி மதிப்பு மாறும், ஒப்பந்தங்களின் பெயரளவு மதிப்பு 1 லட்சம் கோடி டாலருக்கும் மேல். கூட்டாளிகளின் சொந்தப் பணம் மட்டும் சுமார் 190 கோடி உள்ளே இருந்தது. சிலர் கடன் வாங்கியும் போட்டிருந்தார்கள். அடுத்தவர் பணத்தில் சூதாடினார்கள் என்ற குற்றச்சாட்டு இங்கே பொருந்தாது.

## 1998: கண்ட அறிகுறிகள்

மே மாதம் 6 சதவீதத்துக்கு மேல் நஷ்டம், ஜூனில் 10. அப்போது ஆபத்தைக் குறைக்க முடிவு செய்தார்கள், ஆனால் விற்க எளிதானதை விற்றார்கள், விற்கச் சிரமமானவை உள்ளேயே தங்கின. ஜூலை தொடக்கத்தில் சாலமனின் புதிய முதலாளிகள் அமெரிக்கப் பத்திர ஆர்பிட்ராஜ் பிரிவை மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். நிறுவனர் 1977-ல் தன் கையால் தொடங்கிய பிரிவு. அதன் பொசிஷன்கள் இவர்களிடம் இருந்தவற்றின் நகல் மாதிரி, அவை விற்பனைக்கு வந்தால் இவர்களுடைய விலை தானாக இறங்கும். என்னைக் கேட்டால் மணி அடித்தது அன்றைக்குத்தான், ரஷ்யா பிறகு வந்தது.

ஆகஸ்ட் 17-ல் ரஷ்யா உள்நாட்டுக் கடனைக் கட்ட மாட்டேன் என்றது, ரூபிளையும் விழவிட்டது. உலகம் முழுக்க எல்லோரும் பழையதை, சிறியதை, சந்தேகமானதை விற்றுவிட்டுப் புதிய அமெரிக்க அரசுப் பத்திரத்துக்கு ஓடினார்கள். ஃபண்ட் எதை ஷார்ட் போயிருந்ததோ அதை எல்லோரும் வாங்கினார்கள், எதை வாங்கியிருந்ததோ அதை எல்லோரும் விற்றார்கள்.

ஆகஸ்ட் 21, வெள்ளிக்கிழமை. கோடை விடுமுறை, கிரீன்விச் அலுவலகத்தில் கூட்டாளிகள் பாதிப் பேர் இல்லை, நிறுவனர் பெய்ஜிங்கில் இரவு உணவில் இருந்தார். ஒரே நாளில் பெரிதாகப் போனால் 3.5 கோடி டாலர் போகலாம், அதற்கு மேல் அரிது என்று அவர்களுடைய கணித மாடல் சொல்லியிருந்தது. அன்றைக்கு ஒரு நிறுவன இணைப்பு தள்ளிப்போனதில் மட்டும் சுமார் 15 கோடி, மொத்தமாக 55.3 கோடி. தொலைபேசி வந்ததும் அவர் அடுத்த விமானத்தைப் பிடித்தார்.

## முடிவுகள்: ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 23 வரை

முதல் எண்ணம், புதுப் பணம் திரட்டுவது. ஒமாஹாக்காரரிடமும் போனார்கள், மறுத்துவிட்டார். ஆகஸ்டில் மட்டும் நஷ்டம் 44 சதவீதம். செப்டம்பர் 2-ல் முதலீட்டாளர்களுக்கு நிறுவனர் கடிதம் எழுதினார்: நஷ்டத்தைச் சொல்லிவிட்டு, இடைவெளிகள் இவ்வளவு விரிந்திருப்பது நல்ல வாய்ப்பு, இன்னும் பணம் போடலாம் என்றும் கேட்டார். 1979-ன் கண்ணால் பார்த்தால் அது நேர்மையான வாதம். ஆனால் கடிதம் உடனே வெளியே கசிந்தது. யார் மாட்டிக்கொண்டிருக்கிறார், எதை விற்றாக வேண்டும் என்று தெரிந்துவிட்ட சந்தையில் யாரும் அவசரப்பட்டு வாங்க மாட்டார்கள், இன்னும் இறங்கட்டும் என்றுதான் இருப்பார்கள். தினசரிக் கணக்கில் வங்கிகள் தங்களுக்குச் சாதகமாக விலை போடத் தொடங்கின. பூட்டாத வாசல் வழியே பணம் தினமும் வெளியேறியது.

செப்டம்பர் 20, ஞாயிறு, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் நியூயார்க் கிளை அதிகாரிகள் கிரீன்விச் வந்து கணக்கைப் பார்த்தார்கள். 23-ம் தேதி காலையில் ஃபண்டின் சொந்த முதல் 60 கோடிக்கும் கீழே. அன்று முற்பகல் ஒரு ஃபாக்ஸ் வந்தது: ஒமாஹாக்காரர், ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனம், கோல்ட்மேன் சாக்ஸ் முதலீட்டு வங்கி மூவரும் சேர்ந்து 25 கோடிக்கு ஃபண்டை வாங்கிக்கொண்டு 375 கோடியை உள்ளே போடுகிறோம், பழைய நிர்வாகம் வெளியேற வேண்டும், 12.30 மணிக்குள் பதில் வேண்டும். ஒரு மணி நேரம்கூட இல்லை. வாங்குகிறோம் என்று அதில் குறிப்பிட்டிருந்தது நிர்வாக நிறுவனத்தை; பொசிஷன்கள் இருந்ததோ வேறொரு அமைப்பில். மற்ற முதலீட்டாளர்களைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளச் சட்டப்படி வழியில்லை என்றார் வழக்கறிஞர். திருத்திக் கேட்கலாமென்றால் ஒமாஹாக்காரர் அலாஸ்காவில் சுற்றுலாவில் இருந்தார், தொலைபேசி இணைப்பு கிடைக்கவில்லை. நிறுவனர் கையெழுத்துப் போடவில்லை. சட்டச் சிக்கல் உண்மையானதுதான், ஆனால் அது இல்லாவிட்டாலும் அவர் மனமுவந்து போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. 1979-ல் அந்த டீலர் முன்னால் சாலமன் நின்ற இடத்தில் இன்று அந்த மூவர் நின்றார்கள்.

## பின்விளைவு

அன்று மாலைக்குள் 14 வங்கிகள் சேர்ந்து 362.5 கோடி டாலர் போட ஒப்புக்கொண்டன. பதினொன்று தலா 30 கோடி, மூன்று அதைவிடக் குறைவாக. ஃபண்டின் கணக்கு வழக்கைத் தீர்த்துவந்த பேர் ஸ்டெர்ன்ஸ் வங்கி ஒரு காசும் தர மறுத்தது. ஃபெடரல் ரிசர்வ் கூட்டத்தைக் கூட்டியதே தவிர அரசுப் பணம் போகவில்லை. 90 சதவீத உரிமை வங்கிகளுக்குப் போனது. ஏப்ரலில் கட்டணம் போக 2.85 டாலராக வளர்ந்திருந்த ஒரு டாலர், ஐந்தே மாதத்தில் 23 சென்ட் ஆகியிருந்தது.

மொத்த நஷ்டம் சுமார் 460 கோடி. அதில் ரஷ்யாவும் வளரும் நாடுகளும் சேர்ந்து 43 கோடிதான். வட்டி ஸ்வாப்பில் (நிலையான வட்டியையும் மாறும் வட்டியையும் பரிமாறிக்கொள்ளும் ஒப்பந்தம்) 160 கோடி, ஆப்ஷனில் 130 கோடி. பாதுகாப்பானவை என்று நினைத்த இடத்தில்தான் போயிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் யூ.பி.எஸ். வங்கி ஒரு சிக்கலான ஒப்பந்தத்தின் வழியே சுமார் 70 கோடி டாலர் இழந்து, அதன் தலைவர் பதவி விலகினார்.

இடைவெளிகள் பிறகு சுருங்கின. ஒரேயடியாக இல்லை, ஆனால் போதுமான அளவுக்கு. வங்கிகள் போட்ட பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு 2000 தொடக்கத்தில் ஃபண்டைக் கலைத்தன.

## என்ன மாற்றலாம்

சூத்திரத்தைத் திருத்த வேண்டும் என்பார்கள் பலர். என் கணக்கில் 1997 டிசம்பர் முடிவை மாற்றினாலே பாதி தீர்ந்திருக்கும். அந்த 270 கோடியை வைத்துக்கொண்டு வருடத்துக்கு 12 சதவீதம் சம்பாதித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. அடுத்தது, முதலீட்டாளரின் பணத்துக்குப் போட்ட பூட்டை வங்கிக் கடனுக்கும் போட்டிருக்க வேண்டும்: பெரிய பொசிஷன்களுக்காவது ஆறு மாதம், ஒரு வருடம் என்று தவணைக் கடன், செலவு கூடினாலும் சரி. மூன்றாவதை எழுதுவது எளிது, செய்வது கஷ்டம். இதே பொசிஷன் வேறு யாரிடம் இருக்கிறது, அவர் எப்போது விற்கும் கட்டாயத்துக்கு வருவார் என்ற கேள்வியை எந்த மாடலும் கேட்கவில்லை. விலைகளின் பழைய ஏற்ற இறக்கத்தில் அதற்குப் பதில் கிடைக்காது. சாலமன் தன் பிரிவை மூடிய வாரத்தில் யாராவது ஒருவர் மேசையைத் தட்டிக் கேட்டிருக்கலாம். ஒருவருக்கொருவர் இருபது வருட விசுவாசத்தில் ஊறிய அந்த அறையில் தட்டுகிற ஆள் இல்லை.

நிறுவனர் என்ன மாற்றினார் என்பதும் பதிவில் இருக்கிறது. 1999-ல் பழைய கூட்டாளிகள் சிலரோடு அதே கிரீன்விச்சில் இரண்டாவது ஃபண்டைத் தொடங்கினார். வகை பழையதுதான், கடன் அளவு மட்டும் குறைவு. பழைய முதலீட்டாளர்கள் சிலரே மறுபடி பணம் கொடுத்தார்கள். 2007 வரை பெரிய சிக்கல் இல்லாமல் ஓடியது. 2007 செப்டம்பரிலிருந்து 2009 பிப்ரவரிக்குள் முக்கிய ஃபண்ட் 44 சதவீதம் இழந்தது, 1998 ஆகஸ்டின் அதே எண். 2009 ஜூலையில் மூடினார். அடுத்த வருடம் மூன்றாவதைத் திறந்தார்.